உறைந்த ஏரி மேல் விறகுத் தீ: ஐஸ் ஏன் உடனே உருகி ஓட்டையாவதில்லை?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "இங்க ஜனவரியில ஏரி மேலயே கார் ஓட்டிக்கிட்டுப் போறாங்க. ஐஸ்ல ஓட்டை போட்டுத் தூண்டில் போடுறாங்க. சரி, அதுவரைக்கும் புரியுது. பக்கத்துலயே கட்டையை அடுக்கித் தீ மூட்டிக் குளிர் காயுறாங்களே, அது எப்படி சார்? நான் பயந்து கரையிலயே நின்னுட்டேன்."

கரையில் நின்றது தப்பே இல்லை. ஆனால் அவர் எதற்குப் பயந்தாரோ அது அங்கே பெரிய ஆபத்து இல்லை. உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

இது புது வழக்கமும் இல்லை. 1683-84 குளிர்காலத்தில் லண்டனில் தேம்ஸ் நதி உறைந்தபோது அதன் மேல் கடை போட்டு, திருவிழா நடத்தி, முழு மாட்டையே தீயில் வாட்டியிருக்கிறார்கள். 1814 பிப்ரவரியில் நடந்ததுதான் அங்கே கடைசிப் பனித் திருவிழா. அப்போது ஒரு யானையைக்கூட ஐஸ் மேல் நடத்திப் போனார்கள்.

முதலில் பள்ளிக்கூடக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். ஓரளவு காய்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் சுமார் 15 மெகாஜூல் வெப்பம் வரும். 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 0.334 மெகாஜூல் வேண்டும், பாடத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்தது இதைத்தான். 5 கிலோ விறகு எரித்தால் 75 மெகாஜூல். ஆனால் தீயின் வெப்பத்தில் பெரும்பங்கு சுடுகாற்றாக மேலே போய்விடும், கதிர்வீச்சாக வருவதிலும் பாதிக்கு மேல் பக்கவாட்டில் சிதறும், அதனால்தானே சுற்றி உட்கார்ந்தவர்களுக்குச் சூடு கிடைக்கிறது. கீழே பத்தில் ஒரு பங்கு போகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 7.5 மெகாஜூல், அதாவது 22 கிலோ பனிக்கட்டி உருகும். தீ அரைச் சதுர மீட்டர் பரப்பில் எரிந்தால் அங்கே ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் பள்ளம் விழும். கார் போகிற ஏரியில் ஐஸ் 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கும் என்பதால் ஒரு மாலை நேரத்துத் தீக்கு இது பயப்படுகிற கணக்கே இல்லை.

ஆனால் இந்தக் கணக்கை அப்படியே நீட்டினால் இடிக்கிறது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து 40 கிலோ விறகு எரித்தால் 40 சென்டிமீட்டர் உருகியிருக்க வேண்டும், விடியும்போது அடுப்பு ஏரிக்குள் போயிருக்க வேண்டும். அப்படிப் போவதில்லை. ஒரு பள்ளமும் அதில் கொஞ்சம் தண்ணீரும், அவ்வளவுதான். எனக்குப் பிடித்த விஷயம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஐஸைக் காப்பாற்றுவது அந்த உருகிய தண்ணீர்.

தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அதிக அடர்த்தியோடு இருக்கும். அதனால்தான் ஏரி மேலிருந்து உறைகிறது, அடியில் மீன் பிழைத்துக்கிடக்கிறது. இது எல்லோரும் படித்தது, தாண்டிப் போவோம். பாடப்புத்தகம் சொல்லாதது, இதே குணம் ஐஸுக்கு மேலே, தீக்கு அடியில் இருக்கிற அந்தக் குட்டிக் குட்டையில் என்ன செய்கிறது என்பது.

தீ மூட்டியதும் முதலில் உருகும் தண்ணீர் 0 டிகிரியில் இருக்கும். மேலிருந்து வெப்பம் படப்பட அதன் மேற்பரப்பு 1, 2, 3 என்று ஏறும். 4 டிகிரி வரைக்கும் சூடான தண்ணீர்தான் கனம், அதனால் அது கீழே இறங்கி, ஐஸைத் தொட்டு, கொண்டுவந்த வெப்பத்தைக் கொடுத்து உருக்கிவிட்டு, குளிர்ந்து, லேசாகி மேலே வரும். அதாவது ஆரம்பத்தில் தண்ணீர் தீயின் கட்சிதான், வெப்பத்தைச் சுமந்துபோய் அடியில் சேர்க்கிறது. மேற்பரப்பு 4 டிகிரியைத் தாண்டிய நிமிஷத்தில் கட்சி மாறிவிடும். 5 டிகிரித் தண்ணீர் 4 டிகிரித் தண்ணீரைவிட லேசு, 20 டிகிரி இன்னும் லேசு, 40 டிகிரி அதைவிட லேசு. சூடானது எதுவும் இனிக் கீழே இறங்காது, மேலேயே மிதந்துகொண்டு கிடக்கும். வாளியில் ஹீட்டர் கம்பியை மேலாகத் தொங்கவிட்டால் மேல் தண்ணீர் கை வைக்க முடியாமல் சுடும், அடித் தண்ணீர் ஜில்லென்றே இருக்குமே, அதே சங்கதி.

இப்போது குட்டைக்குள் இரண்டு அடுக்குகள். அடியில், ஐஸை ஒட்டி 0-விலிருந்து 4 டிகிரி வரையிலான அடுக்கு. அது இன்னமும் மேலும் கீழுமாகப் புரண்டுகொண்டுதான் இருக்கும். அதற்கு மேல் 4-க்கு மேற்பட்ட வெந்நீர் அடுக்கு, துளிகூட அசையாது. அடி அடுக்கு ஐஸை உருக்க வேண்டுமென்றால் வெப்பம் இந்த அசையாத அடுக்கைக் கடந்து வர வேண்டும். வெப்பச்சலனத்துக்கு வழி அடைத்தாகிவிட்டது, மிச்சம் வெறும் கடத்தல். அசையாத தண்ணீரோ வெப்பத்தைக் கடத்துவதில் படு சோம்பேறி. ஐஸ் கடத்துவதில் ஏறத்தாழக் கால் பங்குதான் அது கடத்தும்.

எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்தால்தான் ருசி தெரியும். கங்கிலிருந்து சதுர மீட்டருக்கு 10 கிலோவாட் வெப்பம் வெறும் ஐஸ் மேல் விழுந்து முழுதும் உருக்கவே செலவானால் மணிக்குச் சுமார் 12 சென்டிமீட்டர் கரையும். அதே இடத்தில் 2 சென்டிமீட்டர் தடிமனுக்கு வெந்நீர் அடுக்கு இருந்து, அதன் மேற்பரப்பு 40 டிகிரியில் இருந்தால், கீழே இறங்குவது சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட் அளவுதான். மணிக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர். பத்தில் ஒரு பங்கு! அடுக்கு இரண்டு மடங்கு தடித்தால் வேகம் பாதியாகும். ஆக, தீ எவ்வளவுக்கு உருக்குகிறதோ அவ்வளவுக்குத் தன் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. மீதி வெப்பம் எங்கே போகிறது? ஆவியாக. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கத் தேவைப்படும் வெப்பம், ஒரு கிலோ ஐஸை உருக்கத் தேவைப்படுவதைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு. குளிர்க் காற்றில் தீயைச் சுற்றி எழும் அந்த வெள்ளைப் புகையில் இந்த நீராவிக்கும் பங்கு உண்டு.

சரி, ஐஸில் விரிசல் இருந்து தண்ணீர் வடிந்துவிட்டால்? வடியாது, இதுவும் அழகான விஷயம். பனிக்கட்டியின் அடர்த்தி தண்ணீரில் ஏறத்தாழ 92 சதவீதம். 30 சென்டிமீட்டர் ஐஸில் இரண்டரை சென்டிமீட்டர்தான் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும். மீன் பிடிக்கப் போட்ட ஓட்டையை எட்டிப் பார்த்தால் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்தில் நிற்பதைப் பார்க்கலாம். பள்ளம் இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் விரிசல் வழியாக ஏரித் தண்ணீரே மேலே வந்து குட்டையை நிரப்பி வைக்கும். எப்படியும் தண்ணீர்க் காப்பு போகாது.

இதில் நஷ்டம் தீக்குத்தான். தரையோடு தரையாக மூட்டிய தீ தான் உருக்கிய தண்ணீரிலேயே நனைந்து அணைந்துபோகும். அதனால் பழக்கப்பட்டவர்கள் பச்சைக் கட்டைகளை நெருக்கமாக வரிசையாக அடுக்கி அதன் மேல் மூட்டுவார்கள், இல்லையென்றால் கால் வைத்த இரும்புத் தொட்டியைக் கொண்டுவருவார்கள். ஐஸைக் காப்பாற்றத்தான் இதெல்லாம் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி, பெரும்பாலும் அது தீயைக் காப்பாற்றுகிற ஏற்பாடு.

இன்னொரு கேள்வி வரும். தீ தண்ணீரோடு தோற்கிறது என்றால், வெயில் மட்டும் எப்படி ஜெயிக்கிறது? ஆர்க்டிக் கடல்பனி மேல் கோடையில் இதேபோல உருகுநீர்க் குட்டைகள் உண்டாகின்றன. ஆனால் அங்கே குட்டை உள்ள இடம்தான் வேகமாக உருகும். அதே தண்ணீர், நேர் எதிர் வேலை. காரணம் ஒளியின் நிறத்தில் இருக்கிறது. விறகுத் தீ தருவது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர். அதில் பெரும்பகுதியைத் தண்ணீர் மேல்தோலில், ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே உறிஞ்சிவிடும். சூரிய வெளிச்சத்தில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரிகிற ஒளி, அது தண்ணீரைத் துளைத்துக்கொண்டு அடி ஐஸ் வரைக்கும் போய்ச் சேரும். கண்ணுக்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெரிந்தாலும் தீயின் பார்வையில் அது கறுப்பு மை. போதாததற்கு, பனி மூடிய ஐஸ் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், குட்டை அனுப்பாது, விழுங்கும். இதை அளக்கவே 1997 அக்டோபரில் ஒரு கனடியப் பனியுடைப்புக் கப்பலை வேண்டுமென்றே ஆர்க்டிக் ஐஸில் உறையவிட்டு, அதோடு ஓராண்டு மிதந்திருக்கிறார்கள். ஷீபா என்று அந்த ஆய்வுக்குப் பெயர். கப்பலை மாட்டவைப்பதற்காகவே காசு கொடுத்த நிர்வாகிகளை நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது.

இதிலிருந்து ஒரு வேடிக்கையான முடிவு வருகிறது. தீ எரியும்போது செய்த சேதத்தைவிட, அணைந்த பிறகு விட்டுப்போன கரியும் சாம்பலும் மார்ச் மாத வெயிலில் செய்யும் சேதம் அதிகமாக இருக்கலாம். கறுப்புத் தூள் வெயிலை உறிஞ்சி ஐஸுக்குள் குழி தோண்டிக்கொண்டு இறங்கும். கிரீன்லாந்தின் பனிப்படலத்தில் இப்படிப்பட்ட குழிகளை 1870-இல் நூர்டென்ஷெல்ட் என்ற ஆய்வுப் பயணி பார்த்து, அந்தத் தூளுக்கு கிரையோகோனைட் என்று பெயரும் வைத்தார்.

சாம்பலில் இன்னொரு வில்லங்கமும் உண்டு, பாஸ்பரஸ். ஐஸ் உருகியதும் அது நேராக ஏரிக்குள் போகும். ஒரு அடுப்புச் சாம்பலால் ஏரி கெட்டுவிடாது என்பது உண்மைதான், ஆனால் பாஸ்பரஸ் ஏரியை என்ன செய்யும் என்பது ஊகம் இல்லை, செய்தே பார்த்திருக்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1968-இல் சின்னச் சின்ன ஏரிகளையே ஆய்வுக்கூடமாக ஒதுக்கினார்கள். அதில் 226 என்று எண்ணிட்ட ஏரியை 1973-இல் டேவிட் ஷிண்ட்லரும் குழுவினரும் நடுவில் பிளாஸ்டிக் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும், ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். பாஸ்பரஸ் போட்ட பாதி பச்சைப் பசேலென்று பாசி பிடித்தது, மறு பாதி தெளிவாகக் கிடந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் படத்துக்கு விளக்கவுரையே தேவையில்லை. இப்பேர்ப்பட்ட இடத்துக்கு 2012-இல் கனடிய மத்திய அரசு காசை நிறுத்தப் போவதாக அறிவித்தது. விஞ்ஞானிகளும் ஊர்க்காரர்களும் கத்திக் கூப்பாடு போட்ட பிறகு 2014-இல் வேறொரு அமைப்பு எடுத்து நடத்தத் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. பத்து வருஷம் ஒரே ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பது எந்த நிதியமைச்சருக்கும் வெட்டி வேலையாகத்தான் தெரியும் போல. நம் ஊர் ஏரிகளில் ஒன்றையாவது இப்படி விடாமல் அளந்து, எண்களை எல்லோரும் பார்க்கும்படி போட்டு வைத்தால் தேவலை என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆபத்துக்கு வருகிறேன் என்று சொன்னேன் இல்லையா. தீயைப் பார்த்ததும் மனுஷன் என்ன செய்வான்? பக்கத்தில் போவான். எல்லோரும் போவார்கள், வண்டியையும் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்துவார்கள். ஐஸ் தாங்கும் எடைக்கு கனடாவின் ஐஸ் ஆய்வாளர் லோர்ன் கோல்ட் தந்த எளிய சூத்திரம் ஒன்று புழக்கத்தில் இருக்கிறது: தடிமனைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 4-ஆல் பெருக்கினால் தாங்கக்கூடிய கிலோ. 10 சென்டிமீட்டருக்கு 400 கிலோ, 30-க்கு 3600. இது நல்ல கண்ணாடி ஐஸுக்கு, வெள்ளையாக நுரைத்த ஐஸுக்குப் பாதி என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பிக்கப் வண்டியும் இருபது பேரும் ஒரே இடத்தில் கூடினால் 4000 கிலோவை எட்டிவிடும். மேலும் இந்தச் சூத்திரம் நகரும் எடைக்கானது. மணிக்கணக்காக ஒரே இடத்தில் நிற்கும் எடைக்கு ஐஸ் மெல்ல மெல்லத் தொய்யும். இரண்டரை சென்டிமீட்டர் தொய்ந்தாலே மீன் ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே பொங்கி வரும். அதைப் பார்த்தால் தீயைப் பற்றியோ மீனைப் பற்றியோ யோசிக்காமல் கிளம்பிவிட வேண்டும், அதுவும் கும்பலாக இல்லாமல் ஆளுக்கொரு திசையில் தள்ளித் தள்ளி.

காற்று இன்னொரு எதிரி. 2023 டிசம்பர் 29-ஆம் தேதி மினசோட்டாவின் அப்பர் ரெட் ஏரியில் பெரிய ஐஸ் பாளம் ஒன்று கரையிலிருந்து பிரிந்துபோய், அதன் மேல் மீன் பிடித்துக்கொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்க வேண்டியதாயிற்று. அந்தக் குளிர்காலம் அங்கே வழக்கத்தைவிட வெதுவெதுப்பாக இருந்தது, ஐஸ் சரியாகப் பிடிக்கவே இல்லை. அதில் எந்த அடுப்புக்கும் பங்கில்லை.

கடைசியாக, வாசகர் கேட்காதது ஒன்று. வெட்டவெளித் தீயைவிட எனக்கு அதிகப் பயம், ஐஸ் மேல் போடும் கூடாரத்துக்குள்ளும் மரக்குடிசைக்குள்ளும் எரியும் அடுப்புதான். காற்று போகாத இடத்தில் எரிவது எதுவானாலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் தூக்கம், அவ்வளவுதான். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி நாம் படிக்காததா? நண்பர்கள் குடிசைக்குள் கூப்பிட்டால் தாராளமாகப் போகலாம், உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டியிருக்கிறதா, அதில் பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.