ரீபெர்ஃபியூஷன்: மறுபாய்வா, மறுபாய்ச்சலா?

மாரடைப்புக்குச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ரீபெர்ஃபியூஷன்' என்றொரு சொல் கண்ணில் படலாம். காலேஜ் படிக்கிற பிள்ளையிடம் காகிதத்தை நீட்டினால், "இரத்த ஓட்டம் திரும்ப வந்துடுச்சுன்னு போட்டிருக்கு" என்பான். தப்பில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

லத்தீனில் 'ஃபுண்டெரே' என்றால் ஊற்றுவது. 'பெர்' என்றால் ஊடாக, முழுக்க. இரண்டும் சேர்ந்த 'பெர்ஃபுண்டெரே', ஒன்றை முழுக்க நனையும்படி ஊற்றுவது. முன்னால் நிற்கும் 'ரீ' மறுபடி என்பதைச் சொல்கிறது. ஒருவர் இரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றும் டிரான்ஸ்ஃபியூஷனும், சொட்டுச் சொட்டாக இறங்கும் இன்ஃபியூஷனும் இதே வேரில் கிளைத்தவை. கன்ஃபியூஷனும் அப்படித்தான்: எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கிவிட்டால் வருவது. நம் குழம்பும் குழப்பமும் ஒரே வேரில் இருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

நனைவது என்ற அந்தப் பழைய பொருள் மருத்துவத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பெரிய இரத்தக்குழாயில் இரத்தம் ஓடுவதை மட்டும் பெர்ஃபியூஷன் என்பதில்லை. மயிரிழையினும் மெல்லிய தந்துகிகள் வழியாக அது திசுவுக்குள் இறங்கி, ஒவ்வொரு செல்லுக்கும் ஆக்சிஜன் எட்ட வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் போவது வேறு, பயிரின் வேரடி ஈரமாவது வேறு அல்லவா? ஆகவே ரீபெர்ஃபியூஷன் என்றால், இரத்தம் இன்றித் தவித்த திசுவுக்குள் மறுபடி இரத்தம் இறங்குவது. அடைபட்ட குழாய் திறப்பதற்கு ரீகேனலைசேஷன் என்று தனிப்பெயர் உண்டு. இரண்டையும் ஒன்றாக எழுதிவிடுகிறோம். ஸ்டென்ட் வைத்துக் குழாய் பளிச்சென்று திறந்த பிறகும், நுண்குழாய்கள் வீங்கியோ துகள்களால் அடைபட்டோ போனதால் இதயத்தசைக்கு இரத்தம் எட்டாமல் போவதுண்டு. அதை 'நோ-ரீஃப்ளோ' என்பார்கள். மடை திறந்தும் கடைமடை காய்கிற கதைதான்.

இந்தச் சொல் பெரிதாகப் புழங்குவது மாரடைப்பிலும் மூளைப் பக்கவாதத்திலும். மாரடைப்பில், உறைந்த இரத்தக் கட்டியைக் கரைக்க ஸ்ட்ரெப்டோகைனேஸ் போன்ற மருந்தை ஊசி வழியே ஏற்றலாம், அல்லது குழாய்க்குள் பலூனை விரித்து அடைப்பைத் திறக்கும் பலூன் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யலாம். 1986இல் வெளியான இத்தாலியின் 'ஜிஸ்ஸி' ஆய்வு ஸ்ட்ரெப்டோகைனேஸைச் சோதித்தது; அதில் சுமார் 11,800 மாரடைப்பு நோயாளிகள் இருந்தார்கள். மருந்து பெற்றவர்களில் 21 நாளுக்குள் இறந்தவர்கள் 10.7 சதவீதம், பெறாதவர்களில் 13 சதவீதம். நெஞ்சுவலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறியவர்களிடம் பலன் இன்னும் மிக அதிகம். டாக்டர்கள் ஏன் கடிகாரத்தைப் பார்த்தபடியே ஓடுகிறார்கள் என்பது இதிலிருந்தே புரியும். பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான வழக்கமான கெடு 4.5 மணி நேரம்.

அறுவை அரங்கிலும் இந்தச் சொல் உண்டு. மாற்று அறுவைக்காகப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்த சிறுநீரகம் வெளிறிப்போய் இருக்கும். இரத்தக்குழாய்களைத் தைத்து முடித்துக் கிளாம்ப்பை எடுத்ததும் அது கண்ணெதிரே இளஞ்சிவப்பாக மாறும். ரீபெர்ஃபியூஷனை நேரில் பார்க்க முடிகிற இடம் அது.

சரி, இரத்தம் திரும்பினால் எல்லாம் நலம்தானா? அங்கேதான் இந்தச் சொல்லின் இரட்டை முகம். 1941இல், லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்கு அடியில் கால் நசுங்கிக் கிடந்தவர்களைப் பற்றி பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள் எழுதினார்கள். மீட்கும்போது அவர்கள் நன்றாகவே இருந்தார்கள். ஆனால் சில நாளில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அழுத்தம் நீங்கிக் காலுக்கு இரத்தம் திரும்பியபோது, சிதைந்த தசையின் கழிவுகளும் உடம்பு முழுக்கக் கலந்துவிட்டிருந்தன. இதயத்திலும் இப்படியொரு சேதம் நேரலாம் என்பதை 1960இல் ராபர்ட் ஜென்னிங்ஸ் குழுவினர் நாய்களிடம் செய்த ஆய்வு காட்டியது. ஆக்சிஜன் திடீரென்று திரும்பும்போது தீங்கான வேதித் துகள்கள் பிறக்கின்றன. செல்லுக்குள் கால்சியம் மிஞ்சுகிறது. ஏற்கெனவே நலிந்த செல் அதைத் தாங்காமல் சாகிறது. இதற்குப் பெயர் 'ரீபெர்ஃபியூஷன் இஞ்சுரி'. இதற்குப் பயந்து யாரும் குழாயைத் திறக்காமல் விடுவதில்லை. அடைப்போடு விட்டால் சேதம் அதைவிடப் பெரிது.

இனி தமிழுக்கு வருவோம். 'மறு இரத்த ஓட்டம்' என்றால் எளிதில் புரியும். ஆனால் இரத்த ஓட்டம் என்றதும் உடம்பு முழுவதும் சுற்றிவருவதுதான் நினைவுக்கு வருகிறது, திசு நனைவது தெரியவில்லை. 'மறு ஊடுபரவல்' என்று வைத்தால், பள்ளியில் படித்த சவ்வூடுபரவல் குறுக்கே வந்து நிற்கும். 'மீள்பாய்வு' அழகாகத்தான் இருக்கிறது. எனக்குள்ள தயக்கம், போன வழியே திரும்பி வருவது என்ற பொருளும் அதில் ஒலிப்பதுதான். இதய வால்வு சரியாக மூடாமல் இரத்தம் பின்னோக்கி ஒழுகும் நோய் ஒன்று தனியே இருக்கும்போது, அந்தக் குழப்பம் வேண்டாம்.

நான் பாய்தலைத்தான் பிடித்துக்கொள்வேன். ஆங்கிலத்தில் இல்லாத வசதி ஒன்று அதில் இருக்கிறது. தண்ணீர் தானாகப் பாய்கிறது, உழவர் தண்ணீர் பாய்ச்சுகிறார்: தன்வினை, பிறவினை. சில நோயாளிகளுக்குக் கட்டி தானாகவே கரைந்து இரத்தம் திரும்பிவிடும். அது 'குருதி மறுபாய்வு'. மருத்துவர் மருந்தாலோ பலூனாலோ செய்வது 'குருதி மறுபாய்ச்சல்'. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, பக்கத்தில் அடைமொழி போட்டுச் சமாளிக்கிறது. பாய்ச்சல் என்றால் புலிப் பாய்ச்சலும்தானே என்று கேட்கலாம். குருதி என்ற முன்சொல் இருக்கும்வரை புலி உள்ளே வராது.

இஞ்சுரியைக் காயம் என்று பெயர்க்காமல் 'மறுபாய்வுச் சேதம்' என்றே எழுதலாம். காயம் என்றால் கத்திபட்டதோ கீழே விழுந்ததோதான் நினைவுக்கு வரும். அந்த டிஸ்சார்ஜ் காகிதம் தமிழில் இருந்தால் வரி இப்படி இருக்கும்: 'ஸ்ட்ரெப்டோகைனேஸ் கொடுத்து மறுபாய்ச்சல் செய்யப்பட்டது. 90 நிமிடத்தில் நெஞ்சுவலி நின்றது, இ.சி.ஜி. மாற்றம் குறைந்தது. மறுபாய்வு ஏற்பட்டதற்கான அறிகுறிகள் தெரிந்தன.'