ஷட்டில் என்றால் நாடா

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் உறவினர் வீட்டில் இன்னும் ஒரு குழித்தறி ஓடுகிறது. போன மாதம் அங்கே போயிருந்தபோது பேரன் மட்டையை எடுத்துக்கொண்டு, "தாத்தா, ஷட்டில் விளையாடப் போறேன்" என்று கிளம்பினான். தாத்தா தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் இருந்ததும் ஷட்டில்தான். "இதுக்கும் இங்கிலீஷ்ல அதே பேருதான்டா" என்று சொன்னதும் பையன் மட்டையை வைத்துவிட்டு வந்து அதை வாங்கிப் பார்த்தான். அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

தறியில் அதன் பெயர் நாடா. ஒரு சாணுக்கு மேல் நீளம், நடுவில் படகுபோலக் குடைந்த மரக்கட்டை. இரண்டு முனையும் கூராக, உலோகப் பூண் போட்டிருக்கும். குடைந்த பள்ளத்தில், குறுக்கே ஓடும் ஊடைநூல் சுற்றிய தார் என்ற சிறு குழல் உட்காரும். பக்கத்தில் இருக்கிற சிறு கண் வழியாக நூல் வெளியே வரும். மிதியை அழுத்தியதும், நீளவாக்கில் கட்டிய பாவு இழைகள் பாதி மேலேயும் பாதி கீழேயுமாகப் பிரிந்து வாய் திறக்க, அதற்குள் நாடா பாய்ந்து மறுபக்கம் போகும். அடுத்த மிதிக்குத் திரும்பி வரும். இப்படி ஓடி ஓடி, பெரியவர் கையில் இருந்த கட்டை எண்ணெய் பூசியதுபோல் வழவழத்துக் கிடந்தது.

பழைய ஆங்கிலத்தில் ஷட்டில் என்ற சொல்லுக்கு அம்பு, எறிபடை என்று பொருள். எய்வதைக் குறிக்கும் 'ஷூட்' என்ற சொல்லுக்குச் சொந்தம். எறிந்தால் பாய்வது என்பதால் நெசவுக்கட்டைக்கு அந்தப் பெயர் வந்தது. அதை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும் என்பதால், அகலத் துணி நெய்ய இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். 1733இல் இங்கிலாந்தின் ஜான் கே, கயிற்றை இழுத்தால் நாடா தானே பறக்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அப்புறம் ஒருவரே போதும் என்றானது.

அம்பின் பாய்ச்சல் ஒருவழி, தறியில் அது இருவழி ஆனது. இந்தப் போய்வரும் தன்மையைத்தான் மற்ற துறைகள் எல்லாம் கடன் வாங்கின. ஆகவே தமிழாக்கும்போது கட்டையைப் பிடித்துக்கொள்ளக் கூடாது, அதன் நடையைப் பிடிக்க வேண்டும் என்பது என் கருத்து. நாடா என்ற சொல்லை அப்படியே மற்ற இடங்களுக்குக் கொண்டுபோக முடியாது. பாவாடை நாடா, விளக்கு நாடா, ஒலிநாடா என்று அது ஏற்கெனவே பட்டையான பொருள்களுக்கு உழைத்துக்கொண்டிருக்கிறது.

சேலத்துத் தறிக்காரர் வீடுகளில் தமிழோடு தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் எல்லாம் புழங்கும். தெலுங்கில் நாடாவை நாடெ என்பார்கள், கன்னடத்தில் லாளி. எனக்கு மிகவும் பிடித்தது மலையாளச் சொல்: நெய்த்தோடம், அதாவது நெய்கிற ஓடம். ஓடுவதால் ஓடம். இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வருவதும் ஓடம்தான். பூலாம்பட்டியிலிருந்து காவிரியைக் கடந்து நெரிஞ்சிப்பேட்டைக்குப் போகும் விசைப்படகைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒப்புமையை விளக்க வேண்டியதில்லை. பாவு ஆறு, தறியின் இரு பக்கமும் கரை.

1981 ஏப்ரல் 12 அன்று கொலம்பியா பறந்தபோது தொடங்கி, 2011 வரை 135 முறை மேலே போன அமெரிக்க ஊர்திகளுக்கு விண்வெளி ஓடம் என்ற பெயர் தமிழில் அமைந்தது அதனால்தான் இவ்வளவு பொருத்தம். ராக்கெட்டோடு கிளம்பி, விமானம்போல் ஓடுபாதையில் இறங்கி, மறுபடியும் கிளம்பும். செய்திகளில் இதை விண்கலம் என்று எழுதிவிடுகிறார்கள். விண்கலம் பொதுப்பெயர். போனது திரும்பாவிட்டாலும் கலம்தான், திரும்பி வந்து மறுபடியும் போனால்தான் ஓடம்.

பையனின் ஷட்டிலுக்கு இறகுப்பந்து என்ற நல்ல பெயர் இருக்கிறது. பதினாறு இறகு செருகிய அந்தப் பந்தும் வலைக்கு இப்படியும் அப்படியும் போய்வருவதால் பெற்ற பெயர்தான் ஷட்டில்காக். கம்பளிப் பந்தில் ஆடும் பூப்பந்து வேறு விளையாட்டு, இரண்டையும் குழப்பக் கூடாது.

இரண்டு இடங்களுக்கு நடுவே ஓடும் ஷட்டில் பேருந்துக்கு நடைப்பேருந்து என்று சொல்லிப் பார்க்கலாம். ஏற்காட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை நடை என்றுதானே கேட்கிறோம்? போக்குவரத்து என்ற சொல்லிலேயே போவதும் வருவதும் இருக்கிறது, ஆனால் அது இப்போது எல்லா வண்டிகளுக்கும் பொதுவாகிவிட்டது. 1973 அரபு-இஸ்ரேல் போருக்குப் பிறகு அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிஞ்சர் ஜெருசலேமுக்கும் கெய்ரோவுக்கும் மாறி மாறிப் பறந்ததை ஆங்கிலப் பத்திரிகைகள் ஷட்டில் ராஜதந்திரம் என்றன. நம் ஊரில் அதை 'நடையாய் நடந்தார்' என்போம், ஆகவே நடைத்தூது எனலாம். மரபணுவியலில், இரு வேறு உயிரினங்களுக்குள் தங்கிப் பெருகக்கூடிய டிஎன்ஏ வளையத்தை ஷட்டில் வெக்டர் என்பார்கள். ஈரிடக் கடத்தி என்பது என் பரிந்துரை.

இளம்பிள்ளைப் பக்கம் இப்போது ரேப்பியர் தறிகள் வந்துவிட்டன. அவற்றில் கட்டை இல்லை, ஊடைநூலைக் கவ்வி இழுக்கும் கம்பிதான். அதற்கு நாடா இல்லாத் தறி என்பது சரியான பெயர். பையன் அதைக் கேட்டுவிட்டு, தாத்தாவின் நாடாவை ஒருமுறை தானே ஓட்டிப் பார்க்கலாமா என்றான். நூல் அறுந்துபோகும் என்று சொல்லிக்கொண்டே அவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.