சொல் விளக்கம்: மெப்பே

இடைக்கால ஜார்ஜியாவில் முடிசூடி ஆண்டவருக்குப் பெயர் மெப்பே. ஒற்றைப் பகரம் போட்டு 'மெபே' என்று எழுதினால் 'கபம்' என்பதில் போல ஒலி மெலிந்துவிடும். இரட்டித்து எழுதுவதே சரி.

பழைய வடிவம் மெஉப்பே. செய்பவரைக் குறிக்க ஜார்ஜிய மொழி முன்னால் 'மெ', பின்னால் 'எ' சேர்க்கும்: தெவ்ஸி மீன், மெதெவ்ஸே மீனவர். இங்கே நடுவில் நிற்கும் வேர் 'உப்', அதாவது ஆளுகை. உப்பாலி (ஆண்டவர்), உப்லெபா (உரிமை) இரண்டும் அதே வேரில் பிறந்தவை. பழைய மெஉப்பே வழக்கொழியவில்லை. திருச்சபையில் ஆயரை இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

அரசி என்பதற்குத் தனிச் சொல் உண்டு: தெதொப்பாலி. தெதா (தாய்) + உப்பாலி. பெரும்பாலும் மன்னனின் மனைவிக்கு உரியது. சிக்கல், தானே முடிசூடி ஆண்ட தாமாரிடம் வருகிறது. 1177-இல் ஒர்பெலி என்ற பிரபுக் குடும்பம் தன் மருமகன் தெம்னாவை அரியணை ஏற்றக் கிளர்ந்தது. அதை அடக்கிய அப்போதைய மன்னர் மூன்றாம் கியோர்கி, மறு ஆண்டே மகள் தாமாருக்கு முடிசூட்டித் தன்னோடு இணையாட்சியில் அமர்த்தினார். 1184-இல் அவர் இறந்ததும் பிரபுக்கள் தாமாரைப் பல வகையில் நெருக்கினார்கள். தந்தை உயர்த்திவைத்த அதிகாரிகளை நீக்கச் செய்தார்கள், ரஷ்ய இளவரசன் யூரியை மணக்கவும் வைத்தார்கள். தாமார் மணவிலக்குச் செய்து வெளியேற்றிய யூரியை 1191-இல் கெகுத்தி அரண்மனையில் மெப்பே ஆக்கிப் பார்த்தார்கள். தாமாரின் படை முறியடித்தது. ஆளும் உரிமை அந்தப் பட்டத்தில் இருந்தது, மணவுறவில் இல்லை.

தாமாரின் பட்டம் 'மெப்பேதா மெப்பே', அதாவது மெப்பேக்களுக்கு மெப்பே. தெதொப்பாலி என்றும் அவரைச் சொல்வதுண்டு, ஆனால் ஆட்சியைச் சுட்டுவது மெப்பேதான். ஜார்ஜிய மொழியில் இலக்கணப் பால் கிடையாது, ஆகவே இதில் முரண் எதுவும் இல்லை. ஆங்கில நூல்கள் 'ஆண் அரசன் என்றே அழைக்கப்பட்டாள்' என வியப்பது மொழிபெயர்ப்பு உண்டாக்கிய வியப்பு. அவர் நாணயத்தின் அரபு வாசகமோ 'மலிக்கா' என்று பெண்பாலிலேயே சொல்கிறது. அரபிக்குப் பால் வேண்டும்.

தமிழில் எதைப் போடுவது? மெப்பேவுக்குக் கீழே எரிஸ்தாவிகள் இருந்தார்கள் (எரி, படை அல்லது மக்கள், தாவி, தலை). கில்தெக்காரியின் எரிஸ்தாவியான லிப்பாரித், மன்னர் நான்காம் பக்ராத்துக்கே சவாலாக நின்றவன். அந்தக் குடும்பத்தின் ஆட்சிப்பகுதியை ஒழித்தவர் மன்னர் நான்காம் தாவீது (ஆட்சி 1089–1125). முடியுடை வேந்தருக்கும் குறுநில மன்னருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வே இது. ஆகவே மன்னன், அரசன் என்பவற்றைவிட வேந்து பொருந்தும். ஆணா பெண்ணா என்றும் அச்சொல் கேட்பதில்லை. ஆனால் 'வேந்து வந்தது' என்பது இன்றைய காதுக்கு ஒட்டாது. 'வேந்தர் தாமார்' என ரகர ஈற்றில் எழுதினால் பால் சிக்கல் தீரும். பல்கலைக்கழக வேந்தர் நினைவுக்கு வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மெப்பேதா மெப்பே என்பதற்கு 'வேந்தர்க்கு வேந்தர்'. தெதொப்பாலிக்கு அரசி. எரிஸ்தாவியைக் குறுநில மன்னர் என்றே எழுதலாம். 'ஆளுநர்' வேண்டாம், பதவி பல இடங்களில் பரம்பரையாகிவிட்டிருந்தது.