நெர்ஃப்: மழுங்கியதா, மழுக்கினார்களா?

"மாமா, துப்பாக்கிய நெர்ஃப் பண்ணிட்டாய்ங்க!" என்று அக்கா மகன் போனைக் கட்டிலில் வீசினான். அப்டேட் வந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. துப்பாக்கிக்கு அதே படம், அதே சத்தம். ஆனால் மூன்று குண்டில் விழுந்த ஆள் இப்போது ஐந்து குண்டு கேட்கிறான்.

நெர்ஃப் என்றால் இதுதான். ஆட்டத்தில் ஓர் ஆயுதமோ பாத்திரமோ அளவுக்கு மீறி வலுவாக இருந்தால், ஆட்டத்தை உருவாக்கியவர்களே அதன் வலுவைக் குறைப்பது. வலுவைக் கூட்டினால் அது பஃப்.

சொல் வந்தது பொம்மைக் கடையிலிருந்து. 1970 வாக்கில் அமெரிக்காவில் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் நெர்ஃப் என்ற பெயரில் ஒரு ஸ்பாஞ்சுப் பந்தை விற்றது. வீட்டுக்குள் எறிந்தாலும் எதுவும் உடையாது. 1997இல் வெளிவந்த அல்டிமா ஆன்லைன் என்ற இணைய ஆட்டத்தில் பின்னர் வாள்களின் வலுவைக் குறைத்தபோது, 'நெர்ஃப் மட்டையால் அடித்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது' என்று ஆட்டக்காரர்கள் நக்கலடித்தார்கள். பொம்மையின் பெயர் வினைச்சொல்லாகிவிட்டது.

தமிழில் 'வலுக்குறைப்பு' என்று எழுதலாம். தப்பில்லை, ஆனால் அரசாணை வாடை அடிக்கிறது. திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பக்கத்து ஊர்க்காரனான எனக்கு மழுக்கல் என்ற சொல்தான் முதலில் வருகிறது. மழுங்குதல் தன்வினை, மழுக்குதல் பிறவினை. அரிவாள் தன்னால் மழுங்கினால் யாரும் சண்டைக்குப் போவதில்லை, சாணை பிடிக்கக் கொடுப்போம். ராத்திரியோடு ராத்திரியாக எவனோ கருங்கல்லில் தேய்த்து வைத்திருந்தால்தான் தெருவே கூடும். நெர்ஃப் சண்டைகள் எல்லாம் இந்த இரண்டாவது ரகம்.

கோரிப்பாளையம் பக்கம் பிரவுசிங் சென்டரில் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடிய என் வயதுக்காரர்களுக்கு அந்தப் பச்சை ஸ்னைப்பர், ஏடபிள்யூபி, நினைவிருக்கும். நெஞ்சில் ஒரு குண்டு பட்டால் ஆள் காலி. அதன் மேகசினில் அப்போது 10 குண்டு. 2022 நவம்பரில் அதை 5 ஆக்கினார்கள். அடியின் வலுவில் கை வைக்கவில்லை, இருந்தாலும் மழுக்கல்தான்: சுவருக்குப் பின்னால் ஆள் இருக்கலாம் என்று சும்மா சுட்டுப் பார்க்கும் ஊதாரித்தனம் போய், ஒவ்வொரு குண்டையும் எண்ணிச் சுட வேண்டியதாயிற்று.

இப்படி ஒவ்வொரு மழுக்கலுக்கும் இரண்டு கட்சி உண்டு. 'மாசக்கணக்கில் பழகினேன், தோற்றவன் அழுததுக்காக என் கையை வெட்டுவதா?' என்பது ஒன்று. 'எல்லாரும் ஒரே துப்பாக்கியைத் தூக்கினால் மற்றதெல்லாம் எதற்கு?' என்பது இன்னொன்று. நடுவில் ஒரு சமரசக்காரர் வந்து, மழுக்காமல் மற்ற ஆயுதங்களைக் கூராக்கலாமே என்பார். கேட்க நன்றாக இருக்கிறது. எல்லாவற்றையும் கூராக்கிக்கொண்டே போனால் கடைசியில் கதவைத் திறந்தவுடன் எல்லாரும் செத்துக் கிடப்பார்கள். நான் மழுக்கல் கட்சி, ஆனால் சொல்லிவிட்டு மழுக்க வேண்டும். அப்டேட் குறிப்பில் ஒரு வரிகூட எழுதாமல் குறைப்பதைக் கள்ள மழுக்கல் என்றே சொல்லலாம்.

பஃப் என்பதற்குத் தீட்டுதல் பொருந்தும். ஆனால் பெயர்ச்சொல்லாக்கி 'இந்த வாரம் கத்திக்குத் தீட்டு' என்று எழுதினால் வேறு அர்த்தம் வந்துவிடும். அதனால் கூரேற்றம்.

இதையெல்லாம் மருமகனிடம் சொன்னேன். "மழுக்கலா? மொக்கையாக்கிட்டாய்ங்கன்னு சொன்னா முடிஞ்சிருச்சு" என்றான். யோசித்தால் அவன் சொன்னதும் அதே சொல்தான். முனை போன பென்சிலை மொக்கை என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொன்னோம்? மொக்கை ஜோக்கும் குத்தாத ஜோக்தான். சரி, எழுத்தில் மழுக்கல், பேச்சில் மொக்கையாக்கல்.