ஸ்ட்ரெய்ன்: திரிபா, கால்வழியா?

எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டில் "எச்.பைலோரி பாசிட்டிவ்" என்று பார்த்ததுமே, புற்றுநோய் வருமோ என்ற பயம் வந்துவிடுகிறது. உலகில் ஏறக்குறைய பாதிப் பேர் இரைப்பையில் இந்தப் பாக்டீரியா இருக்கிறது, ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அல்சரும் வருவதில்லை, புற்றுநோயும் வருவதில்லை. ஏன் என்று கேட்டால் உணவு, புகைப்பழக்கம், நம் உடலின் மரபு என்று சொல்லிவிட்டு, எந்த ஸ்ட்ரெய்ன், அதாவது ஒரே பாக்டீரியாவுக்குள் இருக்கும் எந்த வகை, என்பதையும் பொறுத்தது என்பார்கள். இந்தச் சொல்லுக்குத்தான் தமிழில் பலரும் 'திரிபு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

ஆங்கிலத்தில் ஸ்ட்ரெய்ன் என்று ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று, இறுக்கிக் கட்டுவதைக் குறிக்கும் லத்தீன் 'ஸ்ட்ரிங்கரே'விலிருந்து வந்தது. இயற்பியல் பாடநூலில் தகைவு, திரிபு என்று படித்தோமே, அந்தத் திரிபு இதுதான். இன்னொன்று பழைய ஆங்கில 'ஸ்ட்ரியோன்'. ஈட்டியது, பெற்றது என்று பொருள், அப்புறம் பெற்ற பிள்ளை, வம்சம் என்று விரிந்தது. பாக்டீரியாவுக்குச் சொல்வது இந்த இரண்டாவது சொல். அப்படியென்றால் தமிழில் அதற்கு நேராக நிற்பது 'கால்வழி'. பேச்சில் நெல்லுக்குச் சொல்கிற மாதிரி 'ரகம்' என்றாலும் புரியும்.

திரிபு என்ற சொல் வீணாகிவிடாது, மரபணுவில் நேரும் மாற்றத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம். நம் புணர்ச்சி இலக்கணமே இதற்கு வழி காட்டுகிறது: பூங்கொடியில் ஓர் எழுத்து தோன்றுகிறது, பொற்குடத்தில் எழுத்து திரிகிறது, மரவேரில் எழுத்து கெடுகிறது. மரபணு எழுத்துகளிலும் (டி.என்.ஏ-வின் A, T, G, C) இதே மூன்றும்தான் நடக்கின்றன, அதனால் தோன்றல், திரிதல், கெடுதல் என்றே எழுதலாம் என்பது என் கருத்து.

எச்.பைலோரியிலேயே பாருங்கள். சில கால்வழிகளில் சுமார் 40,000 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு இருக்கிறது, வேறு ஏதோ உயிரியிடமிருந்து வந்து ஒட்டிக்கொண்டதாகக் கருதப்படுகிறது, ஆக இது தோன்றல். அந்தத் துண்டில் ஏறக்குறைய 30 மரபணுக்கள். அவற்றில் பல சேர்ந்து ஊசி போன்ற ஓர் அமைப்பைக் கட்டுகின்றன, அந்த ஊசி இரைப்பைச் சுவரின் செல்லுக்குள் 'காக்-ஏ' என்ற புரதத்தைச் செலுத்துகிறது, உள்ளே போன புரதம் செல்லின் வளர்ச்சிக் கட்டளைகளில் கைவைக்கிறது. இந்தத் துண்டு உள்ள கால்வழிகளால்தான் அல்சரும் இரைப்பைப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு கூடுதல். ஜப்பான், கொரியா பக்கம் கிடைக்கும் கால்வழிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இது உண்டு, அதோடு அங்குள்ள காக்-ஏ-வின் வால்பகுதி திரிந்து, செல்லுக்குள் இருக்கும் ஒரு நொதியை இன்னும் இறுகப் பற்றிக்கொள்கிறது. 'வாக்-ஏ' என்ற இன்னொரு மரபணு எல்லாக் கால்வழியிலும் இருக்கும். ஆனால் அதன் வடிவத்தைப் பொறுத்து, அது உண்டாக்கும் நச்சின் வீரியம் மாறும்.

இத்தனை இருந்தும், வழக்கமாக எடுக்கும் மூச்சுப் பரிசோதனையோ பயாப்சியோ பாக்டீரியா இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும்தான் சொல்லும், கால்வழியைச் சொல்லாது. அதனால் ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று இருந்தால் டாக்டர் தரும் மருந்தை முழுக்கச் சாப்பிட்டு முடியுங்கள். இந்தப் பாக்டீரியாவைப் பற்றி எழுதுகிறவர்கள் 'காக்-ஏ உள்ள கால்வழி', 'காக்-ஏ-வின் வால்பகுதித் திரிபு' என்று பிரித்து எழுதுங்கள்.