இல்லாத விரல் ஏன் வலிக்கிறது?

பிரஸ் மெஷினில் விரல் போனவருக்குச் சில வாரங்களில் தையல் பிரித்து, தோலும் மூடிவிடும். பார்ப்பவர்களுக்குக் கதை அதோடு முடிந்தது. நரம்புக்கு அப்படி இல்லை.

அறுபட்ட நரம்பு சும்மா இருக்காது. நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில், தொலைந்த மறுமுனையைத் தேடி வளரப் பார்க்கும். போய்ச்சேர இடமில்லாததால் இழைகள் சுருண்டு, தழும்போடு பின்னி முடிச்சாகிவிடும். இதுதான் நியூரோமா. எல்லா முடிச்சும் வலிப்பதில்லை. வலிக்கிற ஒன்று விரல் முனையில் அமைந்துவிட்டால், சட்டைப் பொத்தான் பட்டாலே சுரீரென்று ஷாக் அடிக்கும். அதனால்தான் அறுவை மருத்துவர்கள் நரம்பின் நுனியைத் தழும்பை விட்டுத் தள்ளி, உள்ளே சதைப்பற்றான இடத்தில் அடங்கவிடுகிறார்கள். குளிரும் ஒரு தொல்லை. ஃப்ரிட்ஜில் கைவிட்டால் மிச்சமிருக்கும் பகுதி கடுக்கும், இது ஆண்டுக்கணக்கில் நீடிக்கலாம்.

சரி, அடிபடாத விரல்கள்? நடுவிரலை மறுகையால் நேராகப் பிடித்துக்கொண்டு, மோதிர விரலை முழுசாக மடக்கிப் பாருங்கள். மடங்காமல் முரண்டு பிடிக்கும். விரல் நுனிகளை மடக்கும் தசைநாண்கள் முன்கையில் ஒரே தசையோடு பிணைந்திருப்பதே காரணம். வெட்டுப்பட்ட விரலின் நாணை எலும்பு முனையில் இழுத்துத் தைத்துவிட்டால், பக்கத்து விரல்களும் இப்படியே பாதியில் நின்றுவிடும். நான்கு குதிரை பூட்டிய ரோமானியத் தேரின் பெயரால் மருத்துவர்கள் இதை ‘குவாட்ரிகா’ என்கிறார்கள்.

மூளையிலோ ஒவ்வொரு விரலுக்கும் ஓர் இடம் உண்டு. 1984-இல் மூளை ஆய்வாளர் மைக்கேல் மெர்சனிக் குழுவினர் குரங்குகளில் கண்டது: விரல் போன சில மாதங்களில் அந்த இடத்தைப் பக்கத்து விரல்களின் உணர்வு பிடித்துக்கொண்டது. ஆனாலும் பழைய விரலின் நினைப்பு முழுசாக அழிவதில்லை போலும், இல்லாத விரல் அரிக்கிறது, முறுக்குகிறது. சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன், இப்படி இல்லாத உறுப்பில் வரும் வலிக்குத்தான் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த பெட்டியைக் கொண்டுவந்தார். நல்ல கையின் பிம்பம் போன கை இருந்த இடத்தில் தெரியும், அதை அசைத்தால் சிலருக்கு வலி தணிகிறது. எல்லோருக்கும் அல்ல.

மனக்காயத்துக்கு எக்ஸ்ரே கிடையாது. மெஷின் சத்தம் கேட்டாலே வியர்ப்பது, விபத்து கனவில் திரும்ப வருவது, பந்தியில் எல்லோர் முன்னும் சோறு பிசையக் கூசுவது. வலது கையைப் பாக்கெட்டில் ஒளித்து இடது கையால் காசு நீட்டினால், கடைக்காரர் முறைக்கிறார். அவருக்கு எப்படித் தெரியும்?