"எனக்கு வராது"ன்னு சொல்ற பிள்ளைக்கு என்ன தேவை?

கவுன்சலிங்குக்கு பிள்ளைய கூட்டிட்டு வர்ற அப்பா அம்மா நிறைய பேர் "கூச்ச சுபாவம்ங்க, வீட்ல நல்லா பேசுவான்"னுதான் ஆரம்பிப்பாங்க. கூச்சம்னா பழகினதும் போயிடும், ஆனா தன்னம்பிக்கை இல்லாத பிள்ளை நல்லா பழகின கிளாஸ்லயே "எனக்கு வராது, வேற யாராவது செய்யட்டும்"னு ஒதுங்கும், நல்ல மார்க் வாங்கினாக்கூட "பேப்பர் ஈசி, அதான்"னு சொல்லிடும். இது பெரியவங்ககிட்டயும் இருக்கு. கிளான்ஸ், ஐம்ஸ்னு ரெண்டு உளவியலாளர்கள் 1978லயே இதப்பத்தி எழுதியிருக்காங்க, நல்லா சாதிச்ச பெண்களே "எனக்கு தகுதியில்ல, ஒருநாள் மாட்டிக்குவேன்"னு பயந்துக்கிட்டு இருந்தாங்களாம்.

இப்படிப்பட்ட பிள்ளைகிட்ட நாம என்ன செய்றோம், "உன்னால முடியும்டா"ன்னு திரும்பத் திரும்ப சொல்றோம். அன்புல சொல்றதுதான், ஆனா அது மட்டும் பத்தாது. 1977ல ஆல்பர்ட் பண்டூராங்கற உளவியலாளர், "என்னால முடியும்"ங்கற நம்பிக்கை நாலு வழியில வருதுன்னு சொன்னார்: தானே செஞ்சு பாத்தது, தன்னை மாதிரி ஒருத்தர் செய்றத பாத்தது, மத்தவங்க சொல்றது, அப்புறம் அந்த நேரத்துல உடம்பும் மனசும் எப்படி இருக்குங்கறது. இதுல ரொம்ப பலமானது முதல் வழி.

அதனால சிங்கப்பூர்ல தொடக்கநிலை ஆறு முடிவுல எழுதற பிஎஸ்எல்இ பரீட்சையோட தமிழ் வாய்மொழித் தேர்வுக்கு பயப்படற பிள்ளைகிட்ட "தைரியமா பேசு"ன்னு சொல்றதவிட, ஒரு சின்ன வீடியோ போட்டுக் காட்டி அதப்பத்தி பாட்டிகிட்ட ரெண்டே வாக்கியம் சொல்லச் சொல்லுங்க, நடுவுல யாரும் திருத்த வேணாம், அடுத்த வாரம் நாலு வாக்கியம், அப்புறம் மாமா, அப்புறம் டியூஷன் டீச்சர். முடிஞ்சதும் "சூப்பர்"னு விட்டுடாம "போன தடவ நடுவுல நிறுத்திட்ட, இன்னிக்கு கடைசி வரைக்கும் சொன்னியே"ன்னு சொல்லுங்க, பிள்ளைக்கு அதுதான் ஆதாரம். நெஞ்சு படபடன்னு அடிச்சா அது தோல்விக்கு அறிகுறி இல்ல, உடம்பு தயாராகுதுன்னும் சொல்லிக் குடுங்க.

ஒண்ணு எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கு. 2021ல பிஎஸ்எல்இல பிள்ளைங்கள ஒருத்தரோட ஒருத்தர் ஒப்பிட்டுப் போட்ட டி-ஸ்கோர் போச்சு, 2024ல உயர்நிலை ஒண்ணுக்குப் போனவங்கள்லேருந்து மார்க்க வச்சுப் பிரிக்கிற எக்ஸ்பிரஸ், நார்மல்ங்கற பிரிவும் இல்ல, ஆனா குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல மட்டும், இப்ப இருக்கற ஏஎல்ங்கற மதிப்பெண் நிலைய வச்சு "அவளுக்கு எத்தன ஏஎல், இவனுக்கு எத்தன"ன்னு இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு. பிள்ளைங்க அதப் படிக்கிறாங்க. தயவுசெஞ்சு அத நிறுத்துங்க.

சில வாரமா சரியா தூங்கல, ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கிறாங்க, "நான் எதுக்கும் லாயக்கில்ல"ன்னு அடிக்கடி சொல்றாங்கன்னா வீட்லயே சரி பண்ணிக்கலாம்னு காத்திருக்காதீங்க. முதல்ல ஸ்கூல் கவுன்சலரப் பாருங்க. 16லேருந்து 30 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு சாட் (CHAT)னு தனி மனநல சேவை இருக்கு. 2025லேருந்து 1771ங்கற தேசிய மனநல உதவி நம்பர் 24 மணி நேரமும் இருக்கு, என்ன பண்றதுன்னே புரியாத அப்பா அம்மாவும் கூப்பிடலாம்.